கயலுக்கு: 172-ஆ, 241-ஆ, 521-ஆ?

திருவெறும்பூர்,
திருச்சி.

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கம்மா முழங்கால் வலி தேவலை என்கிறாள், ஆனால் மாடிப்படி ஏறுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். நீயே ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்னது பாதிப் பதில்தான். ஃபிளேஞ்ச் கணக்கை வாயால் சொல்ல எனக்கு வராது. பென்சிலும் காகிதமும் வேண்டும். அதனால் இந்தக் கடுதாசி. அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள், சிரிக்கட்டும்.

உன் கேள்வியை முதலில் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். 48 இன்ச் காஸ் லைன், டிசைன் அழுத்தம் 120 பார். 600 கிளாஸ் ஃபிளேஞ்ச் சாதாரண வெப்பநிலையில் 102 பார் வரைதான் தாங்கும், 900 கிளாஸ் 153 பார் தாங்கும். நடுவில் மாட்டிக்கொண்டாய். 900 கிளாஸ் போட்டால் எடையும் விலையும் ஏறுகிறது, அதனால் தனியாக ஒரு ஃபிளேஞ்ச் டிசைன் செய்யச் சொல்லிவிட்டார்கள். ஃபிளேஞ்ச் கணக்குக்கு ஏஎஸ்எம்இ எட்டாம் பிரிவின் இரண்டாம் பின்னிணைப்பை எடுத்துக்கொண்டாய். போல்ட் பி7. அதற்கு அனுமதிக்கும் தகைவு எவ்வளவு என்று பைப்லைன் கோடில் தேடினால் நேராக ஓர் எண் கைக்கு வரவில்லை. ஆபீசில் மூன்று பேர் மூன்று எண் சொல்கிறார்கள்: 172 மெகாபாஸ்கல், 241, 521. எது சரி?

521-ஐ முதலில் முடித்துவிடுகிறேன். உன் பக்கத்து மேஜைக்காரர் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பைப்லைன் கோடான பி31.8-இல் ஊருக்கு வெளியே போகும் பைப்புக்கு வழக்கமாக யீல்டில் 0.72 பங்கு விடுகிறார்கள். பி7-இன் யீல்டு 724. அதில் 0.72 என்றால் 521. பைப்புக்கு ஒரு நியாயம், போல்ட்டுக்கு ஒரு நியாயமா என்கிறார். ஆமாம், அப்படித்தான். பைப்பின் சுவரில் இருக்கும் தகைவு உள்ளே இருக்கும் காஸால் வருவது. அழுத்தம், விட்டம், தடிமன் மூன்றும் தெரிந்தால் அது எவ்வளவு என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லலாம். போல்ட்டில் இருப்பது ஸ்பேனரால் வருவது. காஸ் உள்ளே வருவதற்கு முன்பே அது இருக்கிறது. ஒழுங்காக இறுக்கிய ஜாயின்டில் காஸ் ஏறும்போது போல்ட்டின் இழுவை பெரிதாக மாறுவதுகூட இல்லை, கேஸ்கெட்டின் மேல் இருக்கும் அமுக்கம்தான் குறைகிறது. அந்த ஸ்பேனர் இழுவையோ கிரீஸைப் பொறுத்தது, மரையைப் பொறுத்தது, வெயிலில் நிற்கும் ஆளின் பொறுமையைப் பொறுத்தது. டார்க் ரென்ச்சில் முப்பது சதவீதம் மேலே கீழே போவது சகஜம்.

இன்னொன்று. 521-ஐ ஒட்டி வருகிற மாதிரி போல்ட் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் ஹைட்ரோ டெஸ்டில் என்ன செய்வாய்? டிசைன் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் டெஸ்ட் என்றால் போல்ட்டில் 781 கேட்கும். யீல்டே 724. ஒன்றேகால் மடங்கு டெஸ்ட் என்றாலும் 651, யீல்டில் 90 சதவீதம். அவரிடம் இந்த ஒரு வரியைக் காட்டு, போதும்.

172-க்கு வருகிறேன். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே முப்பது வருஷம் டிசைன் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடேற்றிக் குளிர்வித்து வலுவேற்றிய போல்ட்டுக்கு எட்டாம் பிரிவின் முதல் பாகம் இரண்டு வரம்பு வைக்கிறது. டென்சைலில் ஐந்தில் ஒன்று, யீல்டில் நான்கில் ஒன்று. எது குறைவோ அது. பி7-க்கு இரண்டரை இன்ச் வரை டென்சைல் 125, யீல்டு 105, ஆயிரம் பிஎஸ்ஐ கணக்கில். ஐந்தில் ஒன்று 25, நான்கில் ஒன்று 26 கால். ஆக 25, அதாவது 172 மெகாபாஸ்கல். இரண்டரைக்கு மேல் நான்கு இன்ச் வரை அதே பி7-இன் டென்சைல் 115, யீல்டு 95 என்று இறங்குகிறது. அலவபிள் 23, அதாவது 159. நான்குக்கு மேல் ஏழு வரை 100, 75. அங்கே யீல்டு முந்திக்கொண்டு 18.75-க்கு இழுத்துவிடும்.

ஒரே எஃகு விட்டம் ஏறினால் ஏன் இளைக்கிறது என்று நீ கேட்டதாக ஞாபகம். பி7 என்பது குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த 4140 வகை. அதைக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கும்போது வெளிப்பக்கம் சட்டென்று குளிர்கிறது. தடியான கம்பியின் நடுப்பக்கம் நிதானமாகத்தான் குளிர்கிறது, அதனால் வெளிப்பக்கம் போல அது வலுப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். நிக்கல் சேர்ந்த 4340 எஃகில் செய்யும் எல்43 நான்கு இன்ச் வரை 105 யீல்டைக் காப்பாற்றும். விலை கூடுதல், கிடைக்கவும் நாளாகும். தேவைப்பட்டால் ஞாபகம் வைத்துக்கொள்.

241 எங்கிருந்து வருகிறது? யீல்டில் மூன்றில் ஒன்று. எட்டாம் பிரிவின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் எந்த அறையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பாகத்திலேயே சூத்திரம் போட்டு ஃபிளேஞ்ச் டிசைன் செய்யும் இடத்தில் பி7-க்கு 172-தான். ஆய்வு மூலம் டிசைன் செய்கிற ஐந்தாம் பகுதிக்குத்தான் 241. அந்த அறைக்குள் போக நுழைவுக் கட்டணம் உண்டு. இறுக்கும் விசை, அழுத்தம், ஃபிளேஞ்ச் திரும்புவதால் போல்ட் வளைவது, வெப்பம் என்று எல்லாவற்றையும் வைத்து உண்மைத் தகைவைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். வேலை நேரத்தில் போல்ட்டின் சராசரித் தகைவு அந்த எண்ணைப் போல இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும், விளிம்பில் வளைவும் சேர்ந்து வருவது மூன்று மடங்குக்குள். மூன்று மடங்கு என்றால் யீல்டேதான். அந்த ஆய்வு எதுவும் இல்லாமல் எண்ணை மட்டும் உருவிக்கொண்டு வந்து இரண்டாம் பின்னிணைப்புச் சூத்திரத்தில் போடுகிறார்கள் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

ஏன் கோபம் என்று சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

அந்தச் சூத்திரம் 1937-இல் வாட்டர்ஸ், வெஸ்ட்ராம், ராஸ்ஹைம், வில்லியம்ஸ் என்ற நான்கு பேர் வெளியிட்ட வேலையிலிருந்து வருவது. சிகாகோ பக்கம் இருந்த டெய்லர் ஃபோர்ஜ் கம்பெனியின் பெயரில்தான் இன்றைக்கும் வழங்குகிறது. கேஸ்கெட்டுக்கு நாம் எடுக்கும் எம், ஒய் என்ற இரண்டு எண்களும் ராஸ்ஹைமும் மார்க்கலும் 1943-இல் தொகுத்துக் கொடுத்த அட்டவணையின் வாரிசுகள். அந்த எண்களுக்குப் பின்னால் பெரிய சோதனைக்கூட ஆதாரம் கிடையாது. அனுபவத்தை வைத்து, ஓரளவு யூகத்தை வைத்துப் போட்டது. இன்றைய கசிவு அளவுகோலில் பார்த்தால் எம் கேட்கிற கேஸ்கெட் அமுக்கம் பல வகைக் கேஸ்கெட்டுக்குப் போதாது. அப்படியானால் எண்பது வருஷமாக லட்சக்கணக்கான ஃபிளேஞ்சுகள் ஒழுகாமல் எப்படி நிற்கின்றன? போல்ட்டுக்கு வைத்த எண் ரொம்பக் குறைவு என்பதால். சூத்திரம் விசையைக் குறைத்துக் கேட்கிறது. 172 என்ற எண் அந்த விசைக்குத் தேவைக்கு மேலே போல்ட் இரும்பை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. களத்தில் ஆட்கள் அந்த 172-ஐப் போல இரண்டு மடங்கு இறுக்குகிறார்கள். கேஸ்கெட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கத்துக் குறையை இன்னொரு பக்கத்துக் கஞ்சத்தனம் சரிக்கட்டுகிறது. இதில் ஒன்றை மட்டும் உயர்த்தி மற்றதை அப்படியே விட்டால், கணக்குத் தாளில் எல்லாம் பாஸ் ஆகும், டெஸ்டில் தண்ணீர் சொட்டும்.

1999-இல் முதல் பாகம் ஷெல்லுக்கும் பைப்புக்கும் டென்சைல் மேல் இருந்த காப்புக் காரணியை 4-இலிருந்து 3.5-க்கு இறக்கியபோதும் போல்ட்டைத் தொடவில்லை, கவனித்தாயா? மறந்து விட்டுப்போனது இல்லை அது.

ஆக 172 என்பது போல்ட் சுமக்கப் போகிற தகைவு கிடையாது. எத்தனை போல்ட் வேண்டும் என்று எண்ணுவதற்கான எண். முதல் பாகத்தின் பின்னிணைப்புகளில் எஸ் என்று ஒன்று இருக்கிறது, கட்டாயமில்லாதது, அதனால் யாரும் படிப்பதில்லை. டிசைன் தகைவுக்கு மேலே இறுக்க வேண்டியிருக்கும், இறுக்கலாம் என்று அதில் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். இது தெரியாததால் வந்த வினையை நான் நேரில் பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வரைபடத்தில் யாரோ ஒருவர் "போல்ட் ஸ்ட்ரெஸ் 172" என்று குறிப்பு எழுதிவிட்டார். சைட்டில் இருந்த காண்டிராக்டர் அதையே இறுக்கும் இலக்காக எடுத்துக்கொண்டு, டென்ஷனரை அதற்கு ஏற்றாற்போலச் செட் செய்து, ரெக்கார்டும் அழகாக எழுதி வைத்தார். டெஸ்ட் அழுத்தத்தில் முக்கால்வாசி ஏறும்போதே சுற்றிலும் ஒழுகியது. கேஸ்கெட் மோசம் என்று இரண்டு கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்த பிறகுதான் ஒரு ஃபோர்மேன், இவ்வளவு லேசாகவா இறுக்குவார்கள் என்று கேட்டார். அதனால் உன் வரைபடத்தில் இறுக்கும் தகைவைத் தனியாக எழுது. அலவபிளை வரைபடத்தில் எழுதவே எழுதாதே, அது கணக்குத் தாளோடு இருக்கட்டும்.

இனி உன் ஃபிளேஞ்சைப் போட்டுப் பார்ப்போம். நீ சொன்ன அளவு எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது, அதனால் நானாக ஒரு ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட் வைத்துக்கொள்கிறேன். சுருள் பகுதியின் உள்விட்டம் 1230, வெளிவிட்டம் 1280 மிமீ. எம் 3, ஒய் 69 மெகாபாஸ்கல். அகலம் 25 மிமீ, கணக்குக்கு எடுக்கும் பயன் அகலம் ஏறத்தாழ 8.9 மிமீ, அமுக்கம் விழும் வட்டத்தின் விட்டம் 1262 மிமீ. அழுத்தம் 12 மெகாபாஸ்கல். ஃபிளேஞ்சைப் பிரிக்கப் பார்க்கும் விசை 15 மெகாநியூட்டன். கேஸ்கெட்டைப் பிடித்து வைக்க 2.54. மொத்தம் 17.55. கேஸ்கெட்டை முதலில் உட்கார வைக்க வேண்டியது வெறும் 2.4. பெரிய விட்டம், பெரிய அழுத்தம் என்றால் இப்படித்தான்: உட்கார வைக்கும் கணக்கைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம்.

இந்த 17.55-க்குப் போல்ட் போடு. இரண்டரை இன்ச் என்றால் 172 கிடைக்கும். வேரடிப் பரப்பு ஒன்றுக்கு 2769 சதுர மிமீ. 37 வேண்டும், நான்கால் வகுபட 40. மூன்று இன்ச் என்றால் 159-தான், ஆனால் பரப்பு 4080. 28 போதும். மேலோட்டமாகப் பார்த்தால் 172 கொடுக்கிற போல்ட்தான் லாபம் என்று தோன்றும். இப்போது அவற்றை வட்டத்தில் அடுக்கு. ரென்ச் நுழைய இரண்டரை இன்ச்சுக்கு நடுவுக்கு நடு 133 மிமீ விட வேண்டும், மூன்று இன்ச்சுக்கு 159. நாற்பதை அப்படி அடுக்கினால் போல்ட் வட்டம் 1700 மிமீக்குப் போய்விடுகிறது. 28-ஐ அடுக்க 1415 போதும்; ஹப்பைத் தாண்டி நட் உட்கார எப்படியும் 1490 வரும் என்று வை. போல்ட் வட்டம் இருநூறு மிமீ வெளியே போனால் மொமென்ட் கை நூறு மிமீக்கு மேல் நீளுகிறது, ஃபிளேஞ்ச் தடிக்கிறது, எடை ஏறுகிறது. அலவபிள் குறைந்த போல்ட் ஜெயித்துவிட்டது பார்த்தாயா? 172-ஆ 159-ஆ என்று பார்ப்பதற்கு முன்னால் வட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 521 எடுத்தால் 16 போல்ட்டோடு முடிந்துவிடும் என்று அவர் சொல்வாரே, அப்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓரடிக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். நடுவில் ஃபிளேஞ்ச் எம்பி நிற்கும், அங்கே கேஸ்கெட்டை யார் அமுக்குவது?

இங்கே நிறுத்திவிடாதே. ஹைட்ரோ டெஸ்டில் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 26.3 மெகாநியூட்டன். 28 போல்ட்டில் அது 230 மெகாபாஸ்கல். இறுக்கி முடித்து, டென்ஷனரை விட்ட பிறகு வரும் இழப்பு, கேஸ்கெட் தளர்வது எல்லாம் போக அவ்வளவு மிஞ்ச வேண்டும். மூன்று இன்ச் பி7-க்கு யீல்டு 655, அதனால் இடம் இருக்கிறது. சைட்டில் வழக்கமாகச் சொல்லும் இலக்கு 50 ஆயிரம் பிஎஸ்ஐ, அதாவது 345. போல்ட் இறுக்கத்துக்கான ஏஎஸ்எம்இ வழிகாட்டியான பிசிசி-1-இன் பழைய பதிப்பில் இருந்த அட்டவணையும் அந்த அடிப்படையில் போட்டதுதான். யீல்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதை எப்படிக் கொண்டுவருவது என்பதையும் நீதான் யோசிக்க வேண்டும், சைட் பார்த்துக்கொள்ளும் என்று விடாதே. கையால் இறுக்கினால் வரக்கூடிய தகைவுக்கு அந்த எஸ் பின்னிணைப்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 45,000-ஐ விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகு. மூன்று இன்ச்சுக்கு 26,000 பிஎஸ்ஐ, 179 மெகாபாஸ்கல். போதாது. ஒரு போல்ட்டை 345-க்கு இழுக்க 140 டன்னுக்கு மேல் விசை, டார்க்கில் சொன்னால் 18,000 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஹைட்ராலிக் டென்ஷனர் இல்லாமல் நடக்காது. டென்ஷனர் வேண்டுமென்றால் ஸ்டட் நட்டுக்கு வெளியே ஏறக்குறைய ஒரு விட்டம் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும், தலைக்கு மேலே பக்கவாட்டில் இடம் வேண்டும். இதை இப்போதே வரைபடத்தில் போடு. ஸ்டட் வந்து இறங்கிய பிறகு நீளம் போதவில்லை என்று போன் வருவதைப் போல எரிச்சல் வேறில்லை.

இவ்வளவு நேரம் அழுத்தத்தைப் பற்றியே பேசினோம். நீ போனில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயம் பைப்பிலிருந்து வரும் வளைவு. அதுதான் எனக்கு உறுத்துகிறது. எக்ஸ்70 பைப், 0.72 காரணியில் தடிமன் 21 மிமீ வரும். அந்தப் பைப்பில் வளைவுத் தகைவு வெறும் 100 மெகாபாஸ்கல் என்று வை. 483 யீல்டு உள்ள பைப்புக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுவார். ஆனால் அந்த 100-க்குள் இருக்கும் மொமென்ட் 2.4 மெகாநியூட்டன் மீட்டர். அதைக் கெல்லாக் முறையில் சமமான அழுத்தமாக மாற்றினால் 6 மெகாபாஸ்கல். உன் டிசைன் அழுத்தத்தில் பாதி! 12-க்கு டிசைன் செய்த ஃபிளேஞ்ச் 18 சுமக்க வேண்டும். கெல்லாக் முறை கொஞ்சம் மிகையாகத்தான் சொல்லும். வளைவால் ஒரு பக்கம் திறந்தால் எதிர்ப்பக்கம் இன்னும் அமுங்கும், அது இரண்டு பக்கமும் திறப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அப்படியே பாதியைத் தள்ளிவிட்டாலும் மூன்று மெகாபாஸ்கல் மிச்சம். 172-க்கும் 159-க்கும் நாம் அடித்துக்கொள்வது எட்டு சதவீதத்துக்கு. இது இருபத்தைந்திலிருந்து ஐம்பது. பைப்லைன் ஃபிளேஞ்சுக்கும் வெசல் ஃபிளேஞ்சுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான், கயல். வெசலில் நாசிலுக்கு வரும் பாரத்துக்கு ஒரு வரம்பு கொடுத்துவிடுவார்கள். பைப்லைனில் மண் இறங்குகிறது, பைப் சூடாகி நீள்கிறது, சப்போர்ட் ஒன்று தூக்கிக்கொள்கிறது, கேட்பாரில்லை. அந்த மொமென்ட்டைப் பைப்பிங் ஆட்களிடம் எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னால் ஏற்காதே.

நானாக இருந்தால் 32 போல்ட், மூன்று இன்ச். அழுத்தம் மட்டும் என்றால் 134 மெகாபாஸ்கல், 159-க்குள் வசதியாக இருக்கிறது. வளைவையும் முழுசாகச் சேர்த்தால் 202. அது 159-ஐத் தாண்டுகிறது, ஆனால் மூன்று இன்ச் பி7-க்கு யீல்டில் மூன்றில் ஒன்று 218, அதற்குள் வருகிறது. வளைவு சேர்ந்த அந்த ஒரு நிலையை மட்டும் ஐந்தாம் பகுதி வழியாக, மாடல் போட்டு, முழு ஆய்வாகச் செய். அங்கே மூன்றில் ஒன்று உனக்கு உரிமையோடு கிடைக்கும், கடன் வாங்கியதாக இருக்காது. வட்டம் ரென்ச் இடைவெளிக் கணக்கில் 1620 மிமீ ஆகும். டென்ஷனர் கம்பெனி எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்று சொல்கிறார்களோ அதை வைத்துக் கொஞ்சம் உள்ளே இழுக்கப் பார்.

நிறையப் போல்ட் போட்டால் நிம்மதி என்று நினைத்துவிடாதே, அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. 32 போல்ட்டையும் 345-க்கு இழுத்தால் 45 மெகாநியூட்டன். இரண்டாம் பின்னிணைப்பில் நீ ஃபிளேஞ்சைச் சரிபார்த்தது 20-ஐ ஒட்டிய விசைக்கு. இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறாய், ஃபிளேஞ்ச் வளைந்து திரும்பும், கேஸ்கெட்டின் வெளி விளிம்பு நசுங்கி உள் விளிம்பு தளரும். கேஸ்கெட் பரப்பு 98,600 சதுர மிமீதான், சுருள் மட்டும் தாங்கினால் 450-க்கு மேல் அமுக்கம் விழும். எந்த ஸ்பைரல் வூண்டும் அதைத் தாங்காது. உள் வளையமும் வெளி வளையமும் சேர்ந்து பாரத்தை வாங்க வேண்டும், அதுவும் ஃபிளேஞ்ச் முகம் அந்த வளையங்கள் மேல் முழுசாக உட்கார்ந்தால்தான். ஆகவே 345-ஐ வேதவாக்காக எடுக்காதே. பிசிசி-1-இல் ஓ என்ற பின்னிணைப்பு இருக்கிறது. போல்ட், ஃபிளேஞ்ச், கேஸ்கெட் மூன்றுக்கும் தனித்தனியாக மேல் வரம்பு, கீழ் வரம்பு கண்டுபிடித்து, நடுவில் இறுக்கும் தகைவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தருகிறது. உனக்கு 260-இலிருந்து 280-க்குள் ஏதோ ஒன்று வரும் என்பது என் ஊகம், கணக்கு போட்டுப் பார்த்துச் சொல். இரண்டாம் பின்னிணைப்பில் ரிஜிடிட்டி என்று ஒரு சரிபார்ப்பு இருக்கிறதல்லவா, ஹப் உள்ள ஃபிளேஞ்ச் 0.3 டிகிரிக்கு மேல் திரும்பக்கூடாது என்பது, அதை டிசைன் பாரத்துக்கு மட்டும் இல்லாமல் இறுக்கும் பாரத்துக்கும் ஒரு தடவை போடு. கட்டாயமில்லை, ஆனால் போடு.

ரிங் ஜாயின்டுக்கு மாறலாமா என்று நீ கேட்பாய். மாறலாம், ஆனால் பெரிய விட்டத்துக்கான பி16.47 ஃபிளேஞ்சுகளுக்கு அட்டவணையில் உள்ள வளையங்கள் 36 இன்ச்சோடு நின்றுவிடும். 48-க்கு வளையத்தையும் பள்ளத்தையும் நீயே டிசைன் செய்ய வேண்டும், அந்த விட்டத்தில் பள்ளத்தைத் துல்லியமாகக் கடையும் மெஷினும் வேண்டும். இல்லாவிட்டால் ஐரோப்பிய வழியில் இஎன் 1591 கணக்கு. அதில் இறுக்கும் விசையின் சிதறலையே உள்ளே வைத்து, கசிவு அளவைத் தேர்ந்தெடுத்து, சோதித்த கேஸ்கெட் எண்களோடு போடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். உன் கிளையன்டுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொண்டு இறங்கு, ஆனால் இறங்கினால் போல்ட் எண்ணும் அங்கிருந்தே எடு.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். காஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்து, போல்ட் அதில் நனையும் வாய்ப்பும் இருந்தால் பி7 கூடாது, பி7எம் போட வேண்டியிருக்கும். அதன் டென்சைல் 100, யீல்டு 80. எப்படி வகுத்தாலும் 20, அதாவது 138. மேலே நான் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும், அதனால் இதை முதலிலேயே கேட்டுக்கொள். ஃபிளேஞ்ச் கடலடியில் போகிறதென்றால் கதோடிக் பாதுகாப்பால் போல்ட்டுக்குள் ஹைட்ரஜன் ஏறும், அப்போது கடினத்துக்கு ஒரு மேல் வரம்பு எழுதாமல் ஸ்டட் வாங்காதே.

உன் ரிவ்யூ மீட்டிங்கில் யாராவது 241-ஐ மறுபடி எடுத்தால் சண்டை போடாதே. "ஐந்தாம் பகுதி ஆய்வு யார் செய்கிறார்கள், எப்போது தருவார்கள்?" என்று மட்டும் கேள். பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை.

கணக்குத் தாளை ஸ்கேன் செய்து உன் தம்பிக்கு அனுப்பு, அவன் பெரிய எழுத்தில் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து தருவான். ஹப்பின் இரண்டு தடிமனும் சரிவின் நீளமும் நீ எவ்வளவு வைத்தாய் என்று கட்டாயம் எழுது, அது இல்லாமல் ரிஜிடிட்டி போட முடியாது. கேஸ்கெட் அளவும். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா இல்லையா என்று அத்தை கேட்கச் சொன்னாள். கிடைக்கும் என்றால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
மாமா